தொங்கும் கதவும் தாங்கும் சட்டமும்

பழைய மோட்டார் காரைப் புதுப்பிக்கும் அன்பர்கள் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் மட்டும், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். ஓடும்போது கதவு திறந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. அதோடு, வண்டியின் அடிச்சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கதவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மட்டாஞ்சேரியில் நம் தமிழ் அன்பர் ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று இருக்கிறது. மிளகு வியாபாரம் செய்த அவருடைய தகப்பனார் 1960-களில் வாங்கியது. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை நம் நாட்டில் தயாரித்தது. இரண்டே கதவு, இரண்டும் நீளமானவை. டிரைவர் பக்கக் கதவு இறங்கிப்போய், தூக்கிப் பிடித்தால்தான் சாத்தும் என்ற நிலை. ஒரு பட்டறையில் கட்டை கொடுத்து நெம்பினார்கள். சில மாதத்தில் பழைய கதை. இன்னொரு பட்டறையில் கதவு வாசலையே வெட்டி ஒட்டலாம் என்றார்கள். "சார், ரயில் பெட்டிக் கதவெல்லாம் பார்த்தவர் நீங்கள், ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று அழைத்தார்.

ரயில் பெட்டியின் அடிச்சட்டத்தை நடுவில் சற்றே மேல்நோக்கி வளைத்து அமைப்பது வழக்கம். இதற்கு 'கேம்பர்' என்று பெயர். சுமை ஏறியதும் சட்டம் மட்டமாகிவிடும். சட்டம் தொய்ந்தால் வாசல் கோணும், கதவு முட்டும். காருக்கும் இதே கணக்குதான்.

சோதிக்கும் முறை எளிது. வண்டியை ஜாக்கியில் ஏற்றாமல், சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிறுத்துங்கள். கதவைப் பாதி திறந்து, அதன் முனையைத் தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. இரு கீல்களுக்கும் இடையே 30 செ.மீ., கதவின் நீளம் 90 செ.மீ. என்றால், மேல் கீலில் 1 மி.மீ. தேய்மானம் கதவு முனையில் 3 மி.மீ. இறக்கமாகத் தெரியும். கீலோடு தூணும் சேர்ந்து ஆடினால் தூணில் துரு.

எதுவும் ஆடவில்லையா? கதவைச் சாத்தி இடைவெளிகளைப் பாருங்கள். கீல் பக்க இடைவெளி சீராக இருந்து, பூட்டுப் பக்க இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், கீலைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியின் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது.

அன்பரின் வண்டியில் கண்டது இதுதான். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு; அதன் பக்கக் கைகள் மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். உப்புக்காற்றில் கதவுக்கு நேர் கீழே இருந்த கை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அதே அளவில் புதுக் கை செய்து பொருத்தி, பாடியின் தாங்கிகளில் தகடு வைத்து நடுப்பகுதியை உயர்த்தினோம். வாசலின் மேற்பக்கம் விரிந்தது. கீலைத் தொடவே இல்லை. இப்போது இரண்டு விரலால் தள்ளினால் கதவு சாத்துகிறது.

அம்பாசடர், ஃபியட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழுள்ள பக்கப் பெட்டிச் சட்டமும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகிறது. துருவை வெட்டுமுன் வாசலுக்குக் குறுக்கே முட்டுக்கம்பி வையுங்கள். கதவை மாட்டி இடைவெளியை அளந்த பிறகே முழு வெல்டிங். இல்லையேல் கோணல் நிரந்தரமாகிவிடும்.

இன்னொரு விஷயம். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டி அசல் உருவில் இருந்தால்தான் 'வின்டேஜ்' பதிவு பெறலாம். சேஸிஸையோ பாடியையோ மாற்றி அமைத்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே வெட்டி ஒட்டலாம் என்பவரிடம் வண்டியை விடுமுன் யோசியுங்கள்.

இடவப்பாதி மழைக்கு முன், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கினால் கதவு கனக்கும், தகடும் துருப்பிடிக்கும். பைசா செலவில்லாத வேலை இது. வீட்டுப் பிள்ளைகளே செய்துவிடலாம்.