முக்கால் வேக்காட்டில் வடித்த அரிசி

எப்படி இயங்குகிறது?: பதினெட்டு வயதில் தேர்வாகும் ஹாக்கிப் பையன்கள் இருபத்து மூன்றில் எங்கே போகிறார்கள்

ராயபுரத்தில் கல்யாண பிரியாணி போடுகிற மாஸ்டர்கள் அரிசியை முழுசாக வேகவிடுவதில்லை. கொதிக்கிற உலையிலிருந்து நாலு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பார்கள். ஓரம் மசிந்து, நடுவில் மட்டும் கெட்டியாக ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சினால் அது முக்கால் வேக்காடு. "வடிச்சுடு" என்று குரல் வரும். மிச்சமுள்ள கால் வேக்காடு கறி மசாலாவின் மேல், டேக்சாவை மூடி, கீழே கங்கும் மேலே தணலுமாகத் தம்மில் ஆகவேண்டும். அந்த அரை மணி நேரம் உள்ளே நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. பிரியாணி அமைவதும் கெடுவதும் அங்கேதான்.

ஹாக்கியில் பதினெட்டு வயது என்பது வடிக்கிற நேரம். மாநில அணி, ஜூனியர் இந்தியா கேம்ப், லீக் ஏலம் எல்லாமே முக்கால் வேக்காட்டில் பருக்கையை நசுக்கிப் பார்க்கும் வேலைகள். பட்டியலில் பெயர் வந்ததும் தெருவில் பேனர் கட்டுகிறோம். ஐந்து வருடம் கழித்து அந்தப் பெயர் எந்த அணியிலும் இல்லையென்றால், "தலைக்கனம் ஏறிடுச்சு", "பையனுக்கு ஆசை விட்டுப்போச்சு" என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அரிசி சரியில்லை என்று சொல்வது சுலபம். கோளாறு பெரும்பாலும் மூடிக்குள் நடந்திருக்கும். அதைப் படிப்படியாகத் திறந்து பார்க்கலாம்.

1. எது எவ்வளவு நேரம் ஊறியது?

ஒரே உலையில் இரண்டு வகை ஊறலைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? முக்கால் மணி நேரம் ஊறியது முதலில் மசியும். பத்து நிமிடம் ஊறியது நசுக்கிப் பார்க்கும்போது கல்லாக இருக்கும். ருசி பார்ப்பவர் முதலாவதை நல்ல அரிசி என்பார். இரண்டுமே ஒரே மூட்டைதான்.

வயதுப்பிரிவு ஆட்டங்களில் இது வருடா வருடம் நடக்கிறது. கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். இடையில் ஏறத்தாழ ஒரு வருட வளர்ச்சி. பதினான்கு வயதில் அது தோளின் அகலத்திலும் ஓட்டத்தின் வேகத்திலும் பளிச்சென்று தெரியும். பெரியவன் தேர்வாவான், நல்ல பயிற்சி பெறுவான், அதனால் மேலும் நன்றாக ஆடுவான்.

இதைக் கணக்கிட்டுக் காட்டியது கனடா, அமெரிக்காவின் பனித்தரை ஹாக்கி. அங்கே என்.எச்.எல். லீக்கின் 32 அணிகளும் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் பதினெட்டு வயதுக்காரர்களை முறை வைத்து எடுக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அணிகளில் குவிந்திருப்பதை 1985-இலேயே பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளரும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். 2013-இல் வந்த டீனர் குழுவினரின் ஆய்வு இன்னொரு படி போனது. 1980 முதல் 2007 வரை எடுக்கப்பட்ட கனடிய வீரர்களில் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் சுமார் 36 சதவீதம், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் சுமார் 15 சதவீதம். ஆனால் பிற்பாடு லீக்கில் உண்மையிலேயே ஆடிய ஆட்டங்களைக் கணக்கிட்டால், ஆண்டின் பின்பாதியில் பிறந்தவர்கள் தங்கள் பங்கை விட அதிகமாக ஆடியிருந்தார்கள். சீக்கிரம் மசிந்ததை நன்றாக வேகும் அரிசி என்று எடுத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதன் மேல் இன்னொரு அடுக்கு உண்டு: பிறப்புச் சான்றிதழில் வயதைக் குறைப்பது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கும் சோதனை கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் வந்தது அதனால்தான். பதினாறு என்று சொல்லி ஆடும் பதினெட்டு வயதுக்காரன் பதினாறில் நட்சத்திரம். எல்லோரும் வளர்ந்து முடித்ததும் அவனும் கூட்டத்தில் ஒருவன். அவன் "வீணாய்ப் போனான்" என்கிறோம். அவனிடம் கூடுதலாக இருந்தது இரண்டு வயது மட்டும்தான்.

2. உலைநீரில் உப்பு

அரிசி வேகும் தண்ணீர் கடல் தண்ணீர் மாதிரி கரிக்க வேண்டும் என்பார்கள் மாஸ்டர்கள். பருக்கைக்குள் உப்பு ஏறுவது அந்த ஒரு கட்டத்தில்தான். வடித்த பிறகு எவ்வளவு உப்புத் தூவினாலும் வெளியில்தான் ஒட்டும்.

ஹாக்கியில் அந்த உப்பு டர்ஃப். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததிலிருந்து ஆட்டமே மாறிவிட்டது. மண்ணில் பந்து துள்ளும், வேகம் குறையும், ஸ்டிக்கை நிமிர்த்தி வைத்துக்கொண்டும் சமாளிக்கலாம். நனைத்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். முழங்கால் மடங்கி, முதுகு தாழ்ந்து, ஸ்டிக் தரையோடு படிந்திருந்தால்தான் நிறுத்த முடியும். அந்த உட்காரல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடம்பில் ஏறவேண்டும். பள்ளிக்கூட மண் கிரவுண்டில் கெட்டிக்காரனாக வளர்ந்து பதினேழில் டர்ஃபுக்கு வருகிறவனுக்கு முதல் தொடுதலிலேயே பந்து ஸ்டிக்கை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகும். உள்ளூரில் அது பரவாயில்லை. மேலே போகப்போக அந்த ஒரு முழத்துக்குள் எதிராளி வந்துவிடுவான்.

திருவொற்றியூர்ப் பையன் ஒருவனுக்கு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விட்டதும் ஸ்டிக் பையோடு மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்க வேண்டும். வீடு எண்ணூர்ப் பக்கம் என்றால் அதற்கு முன்னால் ஒரு பஸ். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அந்த பஸ்ஸும் நிற்கும். போய்ச் சேரும்போது வார்ம்-அப் முடிந்திருக்கும். டர்ஃபில் கிடைக்கும் நேரம் மற்றவர்களை விடக் கொஞ்சம் குறைவு. அதுவே தினமும் என்றால் வருடக் கணக்கில் பெரிய பள்ளம்.

இதே வடசென்னைக்குக் கேரமில் உலகக் கோப்பை வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்றார். அவர் பழகிய செரியன் நகர்ப் பயிற்சிப் பலகையும் கலிபோர்னியாவின் போட்டிப் பலகையும் ஒரே அளவு. பழகிய தளத்திலேயே உலகக் கோப்பையையும் ஆடலாம். ஹாக்கியில் அந்தச் சலுகை கிடையாது.

தளத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் கோவில்பட்டி சிறப்பு விளையாட்டு விடுதியில் தங்கிப் பயின்றவர்கள். 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இருவரும் இந்திய அணியில் ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார்.

3. கீழே கங்கு, மேலே தணல்

வடித்தாயிற்று, மசாலா மேல் பரப்பியாயிற்று. இனி சூடு இரண்டு பக்கமும் வரவேண்டும். கீழே மட்டும் எரிந்தால் அடிப்பிடிக்கும், மேலே நறநறக்கும்.

தேர்வான பையனுக்குக் கீழ்ச் சூடு பயிற்சி. மேல் சூடு ஆட்டம். தன்னைவிடத் தேர்ந்தவர்களோடு நிஜமான போட்டியில் அவன் களத்தில் நிற்கும் நிமிடங்கள்தான் அந்த மிச்சக் கால் வேக்காட்டைப் போடும். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம் இந்தக் கணக்கில் வராது.

ஹாக்கி இந்தியா லீக் 2024 அக்டோபர் ஏலத்துக்கு ஒரு நல்ல விதி வைத்தது. 24 பேர் கொண்ட ஒவ்வோர் அணியிலும் நான்கு ஜூனியர்கள் கட்டாயம். ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். ஆக, குறைந்தது 32 பையன்களுக்கு இடம். ஆனால் களத்தில் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் பதினொரு பேர். அணியிலுள்ள எட்டு வெளிநாட்டு வீரர்களும் இந்திய அணியின் மூத்தவர்களும் போக, மீதி நிமிடங்களைத்தான் ஜூனியர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போட்டியோ 2024 டிசம்பர் 28 முதல் 2025 பிப்ரவரி 1 வரை, சுமார் ஐந்து வாரம். மீதிப் பதினோரு மாதம் அவன் எங்கே, யாரோடு ஆடுகிறான் என்பதற்கு ஏலத்தில் பதில் கிடையாது.

அதற்கு முன்னால் நடந்தது இன்னும் மோசம். 2013-இல் தொடங்கிய இந்த லீக் 2017-க்குப் பிறகு நின்றுபோனது. திரும்ப வந்தது 2024 கடைசியில். 2017-இல் பதினெட்டு வயதாக இருந்தவன் அடுத்த லீக் ஆட்டத்துக்கு இருபத்தைந்து வயது வரை காத்திருந்தான். மேலே தணலே போடாமல் மூடி வைத்த டேக்சா அது.

சூடு கூடினாலும் ஆபத்துதான். வளரும் உடம்பில் பள்ளி அணி, மாவட்ட அணி, கிளப், கேம்ப் என்று நாலு பக்கமும் ஆட்டம் திணித்தால் தொடையின் பின்தசையும் இடுப்பும் முதலில் புகார் சொல்லும். குனிந்தே ஆடும் விளையாட்டில் கீழ்முதுகு வலி சகஜம். "சுளுக்குதான், தைலம் தேய்" என்று மூன்று மாதம் ஓட்டியவனுக்கு மருத்துவர் ஆறு மாதம் ஓய்வு எழுதுவார். அதற்குள் அடுத்த செலக்‌ஷன் முடிந்திருக்கும்.

4. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது

தம் போட்ட பிறகு மூடியைத் தூக்கினால் ஆவி போய்விடும், போன ஆவி திரும்ப வராது. அனுபவமில்லாதவர்கள்தான் அடிக்கொரு தரம் திறப்பார்கள்.

2016 டிசம்பர் 18 அன்று லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் ஹரேந்திர சிங். அந்தப் பையன்கள் மூத்தோர் அணிக்குள் நுழையவேண்டிய காலத்தில் மேலே என்ன நடந்தது? 2017 செப்டம்பரில் மூத்தோர் அணிப் பயிற்சியாளர் ஓல்ட்மன்ஸ் நீக்கப்பட்டார், மரைன்யே வந்தார். 2018 மே மாதம் அவர் இடத்துக்கு ஹரேந்திர சிங். 2019 ஜனவரியில் அவரும் போய், ஏப்ரலில் கிரகாம் ரீட். இரண்டரை வருடத்துக்குள் நான்கு பயிற்சியாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டமுறை. ஒருவர் நடுக்களத்தில் பந்தை வைத்து ஆடச் சொல்வார், அடுத்தவர் வேகமாக முன்னே தள்ளச் சொல்வார். நிலைபெற்ற மூத்த வீரன் இதைத் தாங்குவான். இடம் தேடும் இளையவன் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டும்.

ரீட் 2023 வரை இருந்தார். அவர் காலத்தில்தான், 2021-இல், டோக்கியோவில் வெண்கலம் வந்தது. லக்னோ அணியின் ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், சிம்ரன்ஜீத் சிங், வருண் குமார், நீலகண்ட சர்மா, குர்ஜந்த் சிங், சுமித் ஆகியோர் அதில் இருந்தார்கள். லக்னோவில் கோப்பையை வாங்கிய அணித்தலைவர் ஹர்ஜீத் சிங் இல்லை. உலகையே வென்ற ஜூனியர் அணியின் தலைவருக்கே மிச்சக் கால் வேக்காட்டுக்கு உத்தரவாதம் கிடையாது.

5. அடுப்புக்கு விறகு யார் போடுவது?

துறைமுகத்திலும் எண்ணூர், மணலி ஆலைகளிலும் ஒப்பந்த வேலைக்குப் போகிற வீட்டில் இருபது வயதுப் பையன் ஒரு சம்பளக்காரன். ஸ்டிக், ஷூ, ஷின் கார்ட், முட்டை, பால், பிசியோ என்று செலவு செய்துகொண்டு இன்னும் நான்கு வருடம் பொறுத்திரு என்று அவன் அப்பாவிடம் யார் சொல்வது?

அதனால்தான் இந்த வீடுகளில் இலக்கு வேறு. "ஸ்டேட் ஆடிட்டான், கோட்டாவில வேலை கிடைச்சிடும்" என்பதே பெரிய நம்பிக்கை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கிகள், காவல்துறை என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகள் சென்னை ஹாக்கியைத் தலைமுறைகளாகத் தாங்கியிருக்கின்றன. இருபத்தொரு வயதில் ரயில்வே வேலை வாங்கியவனைத் தோற்றவன் என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. அவன் வீட்டுக் கணக்கில் அவன் ஜெயித்துவிட்டான்.

சிக்கல் வேலை கிடைக்காதவனுக்கு. தேர்வுப் பட்டியலுக்கும் கோட்டா நியமனத்துக்கும் இடையில் உள்ள மூன்று நான்கு வருடம் அவனுக்கு உதவித்தொகையும் இல்லை, வேலையும் இல்லை. ஷிஃப்டுக்குப் போக ஆரம்பிப்பான். முதலில் காலைப் பயிற்சி நிற்கும், பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் நிற்கும். "ஆசை விட்டுப்போச்சு" என்று நாம் சொன்னது இதைத்தான்.

6. தம் உடைப்பதற்கு முன்

பருக்கையை நசுக்கிப் பார்ப்பதில் எவ்வளவு கெட்டிக்காரர்களானாலும் தவறு நடக்கும். 1993-இல் என்.எச்.எல். முதல் இடத்தில் எடுத்தது அலெக்சாந்தர் தேய்கல் என்பவரை. எதிர்பார்த்த உயரத்தை அவர் தொடவில்லை. அடுத்து எடுக்கப்பட்ட கிறிஸ் ப்ராங்கர் காலம் கடந்து நிற்கும் வீரரானார். 1998-இல் 171-ஆவதாக எடுக்கப்பட்ட பாவெல் தத்சூக், தன் தலைமுறையின் தலைசிறந்தவர்களில் ஒருவர். ஆகவே தேர்வைத் திருத்துவதை விட, தேர்வுக்குப் பிந்தைய வருடங்களைத் திருத்துவதில்தான் பலன் அதிகம்.

பையன் பெயர் பட்டியலில் வந்தால் பெற்றோர் அன்றைக்கே நான்கு கேள்வி கேட்கலாம். வாரத்தில் எத்தனை மணி நேரம் டர்ஃப்? வருடத்தில் எத்தனை போட்டி ஆட்டம், அதில் களத்தில் எத்தனை நிமிடம்? அடுத்த மூன்று வருடம் பயிற்சியாளர் மாறாமல் இருப்பாரா? காயம் பட்டால் பிசியோ செலவு யாருடையது? பதில் இல்லையென்றால் அந்தப் பட்டியல் வெறும் வாழ்த்துமடல்.

சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தேர்வுப் பட்டியலை வெளியிடுவது போலவே நான்கு வருடம் கழித்து அதே பெயர்கள் எங்கே இருக்கின்றன என்றும் வெளியிடட்டும். எத்தனை பேர் ஆடுகிறார்கள், எத்தனை பேர் காயத்தில் போனார்கள், எத்தனை பேர் ஷிஃப்டுக்குப் போனார்கள் என்று தெரிந்தால், விறகு எங்கே தீர்கிறது என்பதும் தெரிந்துவிடும். அதோடு, பதினெட்டில் பெயர் வராத டிசம்பர்ப் பையன்களுக்காக இருபத்தொன்றில் இன்னொரு திறந்த டிரையல்ஸ் வைக்கட்டும்.