எஞ்சினுக்கு அழகு அழுக்கு!

ரயில் பொம்மை வாங்கிக் கொடுத்த மறுநாளே சக்கரம் ஒரு மூலை, அச்சு ஒரு மூலையாகப் பிரித்துப் போடும் பையன் உங்கள் வீட்டிலும் இருக்கிறானல்லவா? கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த விடுமுறையில் அவனையே ஓர் எஞ்சின் செய்யச் சொல்லுங்கள். பெண் இருந்தால் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசி பிடித்த கைக்கு இதில் வேலை அதிகம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-இல் வந்த ரயில் பாதை மீட்டர் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. இன்று அது அகலப் பாதை. தமிழ்நாட்டில் மீட்டர் பாதையில் நீராவி எஞ்சின் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நீலகிரி எஞ்சின்கள் 1914 முதல் ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவை. இப்போது நம் பக்கத்துத் திருச்சிப் பொன்மலைத் தொழிற்சாலையே அவற்றைக் கட்டுகிறது. நிலக்கரியில் ஓடும் புது எஞ்சின் ஒன்று 2021-இல் அங்கிருந்து புறப்பட்டது. மாதிரிக்கு அதையே வைத்துக்கொள்வோமே!

கணக்கு சுலபம். ஒரு மீட்டரை நாலரை சென்டிமீட்டராகச் சுருக்குங்கள். வெளிநாடுகளில் தோட்டத்தில் ரயில் விடுகிறவர்கள் போடும் தண்டவாளத்தின் அகலமும் 45 மில்லிமீட்டர்தான். 815 மில்லிமீட்டர் சக்கரம் இந்தக் கணக்கில் சுமார் 37 மில்லிமீட்டர் ஆகும். கொதிகலனுக்கு பி.வி.சி. குழாய்த் துண்டு, தண்ணீர்த் தொட்டிக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை, கைப்பிடிக்கு மெல்லிய கம்பி. ஆணித் தலைகள் வேண்டுமா? அட்டையின் பின்பக்கம் மழுங்கிய ஊசியால் வரிசையாக அழுத்துங்கள். முன்பக்கம் முத்து முத்தாக எழும்பும்.

வர்ணம் பூசி முடித்ததும் பொம்மை பளபளவென்று நிற்கும். பார்த்தால் பொம்மையாகத்தான் தெரியும்! உயிர் வருவது அழுக்கு ஏறிய பிறகே. கரிப் பாத்திரம் தேய்த்தே அலுத்துப்போன நமக்கு, கரியைப் பூசச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டபடி பூசக் கூடாது. புகைக் கரி புகைபோக்கியைச் சுற்றியும் கூரை மேலும்தான் படியும். நிலக்கரித் தூள் கரித்தொட்டி ஓரத்தில். சக்கரங்களின் அருகே எண்ணெய்ப் பிசுக்கு. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதுபோல நீராவி கசியும் இடங்களில் வெண்கோடுகள் இறங்கும். மழை மேலிருந்து கீழே வழிவதால், நீர்த்த வர்ணத்தைத் தடவி, துணியால் மேலிருந்து கீழாகவே துடைக்க வேண்டும். துரு, வர்ணம் உதிர்ந்த இடத்தில் மட்டும். பலர் துருவை வாரி இறைத்துவிடுகிறார்கள். எஞ்சின் காயலான் கடைக்குப் போகத் தயாரானது போல ஆகிவிடும்.

புதுக்கோட்டைப் பாதையில் அந்நாளில் ஓடிய எஞ்சினைச் செய்கிறீர்களென்றால், நம் ஊர்ச் செம்மண்ணைத் துணியில் சலித்துச் சக்கரங்களில் லேசாகத் தூவுங்கள். அதற்கு முன் வீட்டுத் தாத்தாவை உட்கார வைத்து விசாரியுங்கள். எஞ்சினில் எந்த இடம் கறுத்திருந்தது, எந்த இடம் கைபட்டு மினுங்கியது என்று அவரால் சொல்ல முடியும். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரி விழுந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

கடைசியாகப் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு கை. அது காயும் வரை மட்டும் சின்னவனை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள்.