பி.எஃப். பணத்தில் வாடகை வீடு வாங்கலாமா? ஒரு நாகர்கோவில் கணக்கு

"அப்பா ரிட்டயர் ஆயிட்டாங்க. வந்த பணத்துல ஊர்ல ஒரு வீடு வாங்கிப் போட்டா மாசம் வாடகை வருமே?" சென்னை, பெங்களூருவில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் வரும் யோசனை இது. கணக்கு என்ன சொல்லுது?

வாடகை எவ்வளவு தேறும்?

உதாரணத்துக்கு, நாகர்கோவிலில் 40 லட்சம் ரூபாய்க்கு வீடு, மாதம் 10,000 ரூபாய் வாடகை என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1.2 லட்சம். அதாவது 3 சதவீதம். வீட்டு வரி, பெயின்ட், ஆள் இல்லாத மாதங்கள் எல்லாம் இதில்தான் கழியும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் 3.6 லட்சம். முதல் 3 வருஷ வாடகை பத்திரச் செலவுக்கே சரி.

வட்டிக்குப் போட்டால்?

60 வயதானவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 2025-ல் வட்டி 8.2 சதவீதம், 3 மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். வட்டி, வாடகை இரண்டுக்கும் வருமான வரி உண்டு. வாடகையில் மட்டும் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும்.

வீட்டு விலை ஏறுமே?

ஏறலாம். ஆனால் விற்றால்தான் அது பணம். திடீர் ஆஸ்பத்திரி செலவுக்கு ஒரு அறையை மட்டும் விற்க முடியாது.

நம்ம பி.எஃப்.-ஐ எடுக்கலாமா?

அமெரிக்காவில் சில வகை ஓய்வூதியக் கணக்குகளே வீடு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை; பணத்தை வெளியே எடுத்துத்தான் வாங்க வேண்டும். வீட்டுக்காக எடுக்க 5 ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 12 மாதம் போதும், ஆனால் 25 சதவீதம் கணக்கில் இருக்க வேண்டும் என 2025 அக்டோபரில் இபிஎஃப்ஓ அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எடுத்த பணத்துக்கு 8.25 சதவீத வட்டி (2024-25) நின்றுவிடும்.

ஒற்றிக்குப் பிடித்தால்?

அப்பா வாடகை வீட்டில் இருந்தால் யோசிக்கலாம். மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருந்து, காலம் முடிந்ததும் வட்டியில்லாமல் திரும்ப வாங்குவது ஒற்றி. வில்லங்கச் சான்று பார்த்து, பத்திரம் பதிவு செய்வது கட்டாயம். வெறும் வெள்ளைத்தாள் ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

அப்போ வாங்கவே கூடாதா?

மாதச் செலவுக்கு வருமானம், மருத்துவச் செலவுக்குக் கைப்பணம் இரண்டையும் ஒதுக்கிய பிறகும் மிச்சம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அந்த இரண்டையும் கரைத்து வாங்கினால், அப்பா பெயரில் வீடு இருக்கும். செலவுக்குப் பிள்ளைகள் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும்.