'ஆல்' என்றால் எல்லாம் இல்லை

திண்டிவனம் பைபாஸ் ஓரத்து மெஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுவரில் போர்டு, எதிரே சப்ளையர், உள்ளே நம் கண்ணில் படாத மாஸ்டர். க்ளவுட் கருவிகளும் இப்படித்தான் இயங்குகின்றன. கருப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் கியூப்சிடிஎல்லோ ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐயோ வெறும் சப்ளையர். அது சமைக்காது. மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் சமையற்கட்டுக்கு ஆர்டரைச் சொல்லிவிட்டு, வந்ததை இலையில் வைக்கும். உதவிக் குறிப்புதான் போர்டு. போர்டு எழுதியவருக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

குபர்நெட்டிஸில் 'கியூப்சிடிஎல் கெட் ஆல்' என்று ஒரு கட்டளை உண்டு. ஃபுல் மீல்ஸ் மாதிரி. சாதம், சாம்பார், ரசம், மோர் வரும். ஆம்லெட்டும் மீன் வறுவலும் தனியாகச் சொன்னால்தான் வரும். இங்கே பாட், சர்வீஸ், டிப்ளாய்மென்ட், ஜாப் எல்லாம் வரும். கான்ஃபிக்மேப், சீக்ரெட், இன்கிரஸ், டிஸ்க்குக்கான உரிமைச்சீட்டான பிவிசி, எதுவும் வராது. மெஸ்ஸில் இது ஊருக்கே தெரிந்த வழக்கம். திரையில் யார் சொல்லித் தருவார்கள்? வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த மினி டைடல் பூங்காவில் வேலைக்குச் சேரும் பையனும், காகுப்பம் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் பழகும் பெண்ணும் இந்த ஒரு சொல்லை நம்பத்தான் செய்வார்கள். அதே 'ஆல்' போட்டு அழித்துவிட்டு, இடம் காலியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவார்கள். பிவிசி அங்கேயே இருக்கும், அதன் பின்னாலிருக்கும் டிஸ்க்குக்கு வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். படித்தவர் மேல் தப்பில்லை. பெயர் வைத்தவர் மேல்தான்.

எது 'ஆல்' என்பதைத் தீர்மானிப்பதும் சப்ளையர் அல்ல. சில பொருள்களுக்கு மட்டும் சமையற்கட்டிலேயே 'ஆல்' என்ற வகைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. 'கியூப்சிடிஎல் ஏபிஐ-ரிசோர்சஸ் --கேட்டகரிஸ்=ஆல்' என்று கேட்டால் அந்தச் சீட்டு உள்ளவற்றை மட்டும் வரிசையாகக் காட்டும்.

இதைவிட நுட்பமாக ஏமாற்றியது கியூப்சிடிஎல்லின் 'டிரை ரன்'. செய்யாமலே செய்துபார்க்கும் ஒத்திகை அது. பழைய உதவிக் குறிப்பு, அனுப்பப்போவதை அச்சிட்டுக் காட்டும், அனுப்பாது என்று சொன்னது. அனுப்பாது என்பது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் கட்டளையைத் தட்டினால், 'உருவாக்கப்பட்டது (டிரை ரன்)' என்று திரை பதில் சொல்லும். சப்ளையர் ஆர்டரை உள்ளே கொண்டுபோகவே இல்லை. தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு "ஆச்சு சார்" என்றார், அவ்வளவுதான். மாஸ்டர் பிறகு மறுத்தால், ஒத்திகையில் அதற்கான தடயமே இருந்திருக்காது. 2020 மார்ச்சில் வந்த 1.18 பதிப்பில்தான் இதைப் பளிச்சென்று இரண்டாகப் பிரித்தார்கள். '=கிளையன்ட்' என்றால் சப்ளையரே பார்த்துச் சொல்வார். '=சர்வர்' என்றால் ஆர்டர் உள்ளே போகும், மாஸ்டர் எல்லாச் சோதனையும் செய்து, அடுப்பில் மட்டும் ஏற்றாமல் விடுவார். பழைய பாடக்குறிப்புகளில் இன்னும் வெறும் '--டிரை-ரன்' கிடக்கும். அவற்றைப் பார்த்தால் தேதியையும் பாருங்கள்.

மற்றொரு சப்ளையரான ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐயின் உதவிப் பக்கங்களில் பெரும்பகுதியை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் உள்ள ஏபிஐ விவரக் கோப்பிலிருந்து இயந்திரமே பெயர்த்துப் போடுகிறது. சாமான் லிஸ்ட்டைப் பார்த்துச் சமையல் குறிப்பு எழுதியது போல. உப்பு என்றால் என்ன, புளி என்றால் என்ன என்று தனித்தனியாகச் சரியாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் என்னாகும் என்பது இருக்காது. கணினிகளை வாடகைக்குத் தரும் ஈசி2 சேவையின் கட்டளைகள் இப்படிப் பிறந்தவை. அங்கே ஒத்திகைக்கு '--டிரை-ரன்' என்று நடுவில் கோடு போட வேண்டும். ஒத்திகை வெற்றி பெற்றால், 'பிழை நேர்ந்தது' என்று தொடங்கி, 'கோரிக்கை நிறைவேறியிருக்கும்' என்றும் சொல்லும் செய்தி வரும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்3-யின் சிங்க், ஆர்எம் போன்றவை மனிதர்கள் தனியாகக் கையால் எழுதியவை. அங்கே அதே ஒத்திகைக்கு நடுவில் கோடே கிடையாது, '--டிரைரன்'. அதன் பதிலில் பிழை என்ற பேச்சும் இல்லை.