வயித்தெரிவுக் குளிசை: 20 என்ன, 40 என்ன?

லயங்களுக்குப் போய் நாங்கள் பேசும்போது, இடுப்பு வலிக்கு அடுத்ததாகக் காதில் விழுவது "கேஸ்ட்ரிக்" என்ற சொல்தான். விடியக் காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலைக்கு ஏறி, ரொட்டியும் சம்பலும் வயிற்றில் விழப் பத்து மணியாகிவிட்டால் எரியத்தானே செய்யும்! இதற்கு டிஸ்பென்சரியிலும் ஆஸ்பத்திரியிலும் கொடுக்கும் மருந்துகளில் முக்கியமானது ஒமெப்ரசோல்.

ஒரு வீட்டில் ஓர் அம்மா கெப்சூலைப் பிரித்து, உள்ளே இருந்த மணிகளை அம்மியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். "கெழவிக்கு முழுங்க முடியல, அதான்" என்றார். அன்பு சரி, ஆனால் மருந்து வீண். வயிற்றுப் புளிப்பு நீரில் ஒமெப்ரசோல் கெட்டுப்போகும். அதனால்தான் ஒவ்வொரு மணிக்கும் மேலே ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு வயிற்றைத் தாண்டி, குடலுக்குள் போன பிறகே கரையும். அங்கிருந்து மருந்து இரத்தத்தில் சேர்ந்து, புளிப்பு நீரைச் சுரக்கிற இடத்துக்குத் திரும்பி வந்து அதைக் கட்டுப்படுத்தும். நசுக்கினாலும் மென்றாலும் பூச்சு உடைந்துவிடும். முழுங்க முடியாதவர்களுக்குச் சில கெப்சூல்களைத் திறந்து, மணிகளை ஒரு கரண்டி யோகட்டில் போட்டு மெல்லாமல் விழுங்கக் கொடுக்கலாம். எல்லாக் கெப்சூலுக்கும் இது சரிவராது. கொடுத்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஒமெப்ரசோல் 10, 20, 40 மில்லிகிராம் என மூன்று அளவில் வருகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது 20, நாளைக்கு ஒரு தடவை. புண் கடுமையாக இருந்தால் டாக்டர் 40 எழுதுவார். வார்ட்டில் நரம்பு வழியாக ஏற்றுகிற ஊசி மருந்தாகவும் இது உண்டு. "பக்கத்து வீட்டு அண்ணன் 40 போடுறாரு, எனக்கு மட்டும் 20 குடுத்து ஏமாத்துறாங்க" என்று நினைக்க வேண்டாம். வேறு வேறு மருந்துகளின் இலக்கத்தை ஒப்பிடவும் கூடாது. பென்டொப்ரசோல் 40 என்றால் ஒமெப்ரசோல் 20ஐப் போல இரண்டு மடங்கு என்று அர்த்தமில்லை. அதற்கு வழக்கமான அளவே 40தான். பெமோடிடின் 20, 40 என்று வருவது இன்னொரு வகைக் குளிசை.

பெயரிலும் கவனம் வேண்டும். ஒரே ஒமெப்ரசோலைப் பல கம்பனிகள் பல பெயரில் விற்கின்றன. டிஸ்பென்சரியில் ஒன்று, டவுன் பார்மசியில் ஒன்று என்று வாங்கி, ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுகிறவர்களும் உண்டு. பெட்டியில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பிள்ளைகளிடம் வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பழைய ரெனிடிடின் குளிசை கிடந்தால் போடாதீர்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு அசுத்தம் அதில் இருப்பது 2019இல் தெரியவந்து, பல நாடுகள் அதை நிறுத்தின.

ஒமெப்ரசோலைக் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள். எரியும்போது மட்டும் போட்டால் அவ்வளவு பிரயோசனமில்லை. முழுக் குணம் தெரிய ஒன்றிலிருந்து நாலு நாள் வரை ஆகும். உடனே எரிவு தணிய வேண்டுமென்றால் சப்புகிற அன்டசிட் குளிசையோ, வெள்ளைத் தண்ணி மருந்தோதான் உதவும். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். புண்ணை ஆற்றாது.

புண்ணுக்கு என்றால் நாலு முதல் எட்டு வாரம் வரை எழுதுவார்கள். எரிவு நின்றதும் பாதியில் விடுவது தப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகாமலே வருஷக்கணக்காக வாங்கிப் போடுவதும் தப்பு. வயிற்றில் புளிப்பு குறைந்தால் சாப்பாட்டிலும் குளிசையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதும் குறையும். ஏற்கனவே இரத்தம் குறைந்த பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கர்ப்பிணிகளும் இரும்புக் குளிசை போடுகிறவர்களும் கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று. கொழுந்துக் கூடை சுமந்த இடுப்பு வலிக்காக அடிக்கடி போடுகிற டைக்குளோபெனக் போன்ற வலிக் குளிசைகளே பலருக்கு வயிற்றுப் புண்ணை உண்டாக்குகின்றன. அதை நிறுத்தாமல் எரிவுக் குளிசையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் என்ன பயன்? இரண்டையும் ஒன்றாக டாக்டரிடம் காட்டுங்கள்.

மலம் தார் போலக் கறுத்துப் போனால், வாந்தியில் இரத்தம் வந்தால், சாப்பாடு தொண்டையில் அடைத்தால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் கெப்சூலை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. நெஞ்சை அழுத்துகிற வலி வேர்வையோடு வந்து, கைக்கோ தாடைக்கோ பரவினால், "கேஸ்ட்ரிக்தான், சோடா குடிச்சா சரியாகும்" என்று படுக்க வைக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 1990க்கு அடியுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த லயம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, பாதை தெரிந்த ஒருவரை மெயின் ரோட்டில் நிறுத்தி வையுங்கள்.