வாவிக்கு அக்கரையில் வைத்திய நிபுணர்

மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்காகக் குருமண்வெளித் துறையில் பாதையேறக் காத்து நின்ற கூட்டத்தைக் கண்டவர்கள் பலர். அதே வாவியைத் திருவிழா இல்லாத நாட்களில் எதிர்த்திசையாகக் கடந்து வந்த முதியவர்களை எவரும் அத்துணை கவனித்ததில்லை. கையிலே ஒரு கிளினிக் கொப்பி, மடியிலே முடிந்த சில்லறை, துணைக்கு ஒரு பேரப்பிள்ளை. படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு வந்து, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ, மேலும் வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அவர்கள் சென்றனர். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிச் செல்வோரும் உண்டு.

மண்டூரிலே வைத்தியசாலை இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு; ஆனால் அது பிரதேச வைத்தியசாலை. பொதுமருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை வைத்தியம் ஆகிய நான்குக்கும் உரிய நிபுணர் பதவிகள் நமது நாட்டிலே ஆதார வைத்தியசாலையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆகவே நிபுணர் எனப்படுபவர் யார், அவருக்கு எங்கே என்ன சம்பளம் என்ற இரண்டு வினாக்களும் கொழும்புக் கந்தோர்களின் கோப்புக்களோடு முடிந்துவிடுவன அல்ல. அக்கிழவியின் பயணத்தின் நீளத்தை அளப்பவை அவையே.

இவ்வினாக்களுக்கு ஒரு நாடு சட்டத்தினாலேயே விடை கண்ட வரலாறு ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது, ஐக்கிய அமெரிக்காவிலே ஏறத்தாழ ஒரு கோடி அறுபது லட்சம் பேர் படையிலே பணியாற்றியிருந்தனர். அவர்களுள் காயமுற்றோருக்கும் நோயுற்றோருக்கும் சிகிச்சை அளிக்க வேண்டிய பொறுப்பு முன்னாள் படைவீரர் நிருவாகத்தைச் சார்ந்தது. அதன் வைத்தியசாலைகளைப் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்துக் கொண்டிருந்தன. அக்காலத்தில் வைத்தியர்களும் ஏனைய எழுதுவினைஞர்களைப் போலவே பொதுச் சேவை விதிகளின் கீழ் நியமிக்கப்பட்டனர். நியமனத்துக்கோ நெடுங்காலம் பிடித்தது; சம்பளமோ சொற்பம். இருதயத்தை அறுத்துச் சிகிச்சை செய்பவரும் காய்ச்சலுக்கு மருந்தெழுதுபவரும் ஒரே ஏணியில் ஒரே படியில் நின்றனர்.

அவ்வாண்டு ஆகஸ்டிலே அந்நிருவாகத்தின் தலைமையை ஏற்றவர் தளபதி ஒமர் பிராட்லி. ஐரோப்பியப் போர்முனையிலே அமெரிக்கப் படையின் தலைமை வைத்தியராயிருந்த போல் ஹோலியை அவர் துணைக்கு அழைத்துக்கொண்டார். வைத்தியர்களைப் பொதுச் சேவை விதிகளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டுமென்று இருவரும் வாதாடினர். பொதுச் சேவை ஆணைக்குழு எதிர்த்தது. (தன் பிடியிலிருந்து ஓர் உத்தியோகம் நழுவுவதை எந்த ஆணைக்குழுதான் விரும்பும்!) எதிர்ப்பையும் மீறி, 1946 ஜனவரி 3ஆந் திகதி சனாதிபதி ட்ரூமன் அச்சட்டத்தில் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் தகுதியையும் சம்பளத்தையும் ஒரே முடிச்சில் கட்டியது. சாதாரண வைத்தியருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவக் கல்லூரிப் பட்டமும், உள்ளகப் பயிற்சியும், ஏதேனும் ஒரு மாநிலத்தின் வைத்திய அனுமதியும் வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் தகுதிகாண் காலம். நிபுணராக மதிப்பிடப்பட்டவருக்கோ அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் நூற்றுக்கு 25 வீதம் கொடுப்பனவு. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 11,000 டாலரைத் தாண்டலாகாது என்றொரு வேலியும் இருந்தது. அவ்வேலி அனுபவம் மிக்க மூத்தவர்களுக்கே முட்டுக்கட்டையாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

அதைவிடச் சிறந்த யோசனை சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருந்தது. வீரர் வைத்தியசாலைகளை மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்துவிட்டனர். மாணவர் இருக்குமிடத்துக்கு ஆசிரியர் வருவார். ஆசிரியராக வருபவர் நிபுணர். பணம் மட்டுமே கொடுத்து அழைத்திருந்தால் அத்தனை பேர் வந்திருப்பார்களா என்பது ஐயமே. நெடுங்காலத்துக்குப் பின், 2004இல் அந்நாடு மற்றொரு சட்டம் இயற்றி, இன்ன துறைக்கு இன்ன இடத்தில் வெளிச் சந்தையிலே என்ன ஊதியம் கிடைக்கின்றது என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டது. 2006 முதல் அம்முறை நடைமுறைக்கு வந்தது. இடத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்ள அறுபது ஆண்டுகள் சென்றன!

அண்டை நாடாகிய இந்தியா, 2003 ஏப்ரல் 1ஆந் திகதி முன்னாள் படைவீரருக்கான பங்களிப்புச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் சிகிச்சை நிலையங்களில் நிபுணர்கள் மாதத் தொகை ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் அமர்த்தப்படுகின்றனர்.

இனி நம் கரைக்கு வருவோம். இலங்கையிலே நிபுணரின் தகுதியைப் பற்றிக் குழப்பமில்லை. 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவனம் அதனை வரையறுத்துள்ளது. மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர் இதனைக் கவனிக்க: பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள், உள்ளகப் பயிற்சி ஓராண்டு, பின்னர் தெரிவுப் பரீட்சை, பல ஆண்டுப் பயிற்சி, மேற்படிப்புப் பட்டம், பெரும்பாலான துறைகளில் பிறநாட்டுப் பயிற்சி, அதன் பின்னரே சபையின் சான்று. முப்பத்தைந்து வயதை எட்டாமல் நிபுணராவோர் சிலரே.

இத்தனை அரும்பாடுபட்டு வருபவருக்கு அடிப்படைச் சம்பளத் திட்டம் தீவு முழுவதற்கும் ஒன்றே. கொழும்பிலும் களுவாஞ்சிக்குடியிலும் அதே படி. ஆனால் அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியார் சிகிச்சை செய்ய அனுமதி உண்டு. அதனால் மாலை நேர வருவாய் ஒன்றாக இருப்பதில்லை. பிள்ளைகளின் பாடசாலையும் ஒன்றல்ல, மனைவியின் அல்லது கணவரின் உத்தியோகமும் ஒன்றல்ல. சம்பளத்தாளிலே சமத்துவம் இருக்க, வாழ்க்கை ஒரு பக்கமாகச் சாய்கின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது நிபுணர்கள் பலர் கடல் கடந்து சென்றனர். அப்போது முதலிலே வெறுமையானவை தலைநகரத்து வாசல்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஆயினும் பிராட்லியும் ஹோலியும் கண்ட வழியின் சாயல் ஒன்று நமது மாவட்டத்திலும் இருக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் மட்டக்களப்பிலேயே பயில்கின்றனர். அவர்கள் பொருட்டே அவ்வூர் வைத்தியசாலை போதனா வைத்தியசாலையாயிற்று. நோயாளியின் கட்டிலருகே நிபுணர் நிற்பதற்கு அங்கே இன்னுமொரு காரணம் உண்டாயிற்று. அந்நிபுணர் மாதத்தில் ஒரு நாளேனும் படுவான்கரைக்கு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு வந்து கிளினிக் நடத்துவாரானால், அந்நாளின் பயணப் படியையும் இடத்துக்குரிய கொடுப்பனவையும் யார் கணக்கில் எழுதுவது? மண்டூர்க் கிழவியின் கொப்பியிலே அடுத்த திகதி குறித்தாயிற்று. ஊர் மட்டும் வாவிக்கு இக்கரையிலேயே இருக்கின்றது.