மலைவீடும் மனப்பாங்கும்

1845-ஆம் ஆண்டில், மதுரைச் சீமையில் சமயப்பணி செய்துவந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் உஷ்ணத்துக்கும் காலராவுக்கும் விஷஜுரத்துக்கும் தம்மவர்கள் பலரைப் பறிகொடுத்துத் தளர்ந்த நிலையில், பழனி மலைத்தொடரின் மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். கோடைக்கானல் என்று இன்று நாம் அறிந்திருக்கும் நகரத்தின் ஆரம்பம் அவ்விரண்டு வீடுகள்தாம். ஒன்றுக்கு ஷெல்டன் என்றும் மற்றொன்றுக்குச் சன்னிசைட் என்றும் பெயரிட்டார்கள். சன்னிசைட் என்ற சொல்லுக்கு வெயில் படும் பக்கம் என்று பொருள். வெயிலுக்கு அஞ்சி மலையேறி வந்தவர்கள், குளிர்ந்த பூமியில் ஒரு வீடு அமைந்தவுடனே அதற்கு வெயிலின் பெயரையே சூட்டினார்கள் என்பது சிந்திக்கத்தக்க விஷயம். கதவைத் திறந்து உள்ளே போவதற்கு முன்பே அந்தப் பெயர்ப்பலகை தன் எஜமானரின் மனத்தை நமக்குச் சொல்லிவிடுகிறது.

வீட்டு அலங்காரம் என்றவுடன் திரைச்சீலையும் பூச்சாடியும் சுவரின் வர்ணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால், நிலைப்படிக்கு மஞ்சள் பூசி, வாசலில் கோலமிட்டு, விளக்கு மாடத்தைத் துடைத்து வைக்கிற ஏழைப் பெண்மணி செய்வதும் அலங்காரமே. மனிதன் தான் குடியிருக்கும் இடத்தில் தன் ஸ்வபாவத்தைப் பதிக்காமல் இருக்கமாட்டான். பதித்த பிறகு, அந்த இடமும் அவனுடைய ஸ்வபாவத்தை மெல்ல மெல்லத் தன் போக்குக்குத் திருப்பாமல் இராது. இந்த இரண்டு வினைகளையும் ஒருங்கே கண்டறிய விரும்புகிறவர்களுக்குப் பழனி மலையைப்போல் நல்ல பாடசாலை கிடைப்பது அரிது.

உளவியல் அறிஞர் சாமுவேல் காஸ்லிங்கும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், 94 அலுவலக இடங்களையும் 83 படுக்கையறைகளையும், அவற்றுக்கு உரியவர்களை முன்பின் அறியாத சிலரைக் கொண்டு பார்வையிடச் செய்து, அங்கே புழங்குகிறவர் எத்தகைய குணமுடையவர் என்று மதிப்பிடச் சொன்னார்கள். புதிய எண்ணங்களில் நாட்டமுள்ளவரா, ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவரா என்பவற்றை அறையை மட்டும் பார்த்தே கணிசமான அளவுக்குச் சரியாகச் சொல்ல முடிந்தது. பிறரோடு இணங்கிப் போகிறவரா என்பதை அவ்வாறு எளிதாகக் கண்டுகொள்ள முடியவில்லை. ஓர் அறையிலுள்ள அடையாளங்களை அவ்வறிஞர்கள் பிரித்துக் காட்டிய முறை மிகவும் பயனுள்ளது. பிறர் பார்க்கவேண்டும் என்று வைத்தவை சில. தான் யார் என்பதைத் தனக்கே நினைவூட்டிக்கொள்வதற்காக வைத்தவை சில. வாழ்ந்து வாழ்ந்து, யாரும் வைக்காமலே தங்கிப்போனவை சில. இந்த மூன்று கண்களாலும் மலைவீடுகளைப் பார்ப்போம்.

கோடைக்கானலின் பழைய பங்களா ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன், அடைமழை பிடித்துக்கொண்ட இரண்டு தினங்கள் நான் தங்க நேர்ந்தது. கருங்கல் சுவர், தகரக் கூரை, தெற்குப் பார்த்த தாழ்வாரம் முழுவதும் கண்ணாடி அடைப்பு, கூடத்தின் நடுவே கணப்பு. நம்முடைய சமவெளி வீடுகளில் திண்ணை தெருவைப் பார்த்திருக்கும். போகிறவரும் வருகிறவரும் அதில் உட்கார்ந்து எழுந்து போவார்கள். முற்றம் வானத்தைப் பார்த்திருக்கும். இந்த வீடோ தன் முகத்தை உட்புறமாகத் திருப்பிக்கொண்டு, நாற்காலிகளையெல்லாம் கணப்பை நோக்கி வளைத்துப் போட்டிருந்தது. கணப்பின் மேலிருந்த பலகையில், பனி மூடிய ஏதோ ஒரு தூரதேசத்துக் கிராமத்தின் படம், வெளிறிப்போய், சட்டத்தின் ஓரம் பிசின் விட்டு, இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. வந்த விருந்தினரை மயக்குவதற்காக யாரும் அத்தகைய படத்தை வைக்கமாட்டார்கள். சொந்த ஊரைவிட்டுப் பல்லாயிரம் மைல் கடந்து வந்த ஒருவர், இரவு விளக்கணைக்கும்முன் தாம் எந்த மண்ணில் பிறந்தவர் என்பதைத் தமக்கே சொல்லிக்கொள்வதற்காக வைத்தது அது.

இது அந்நியருக்கு மட்டும் உரிய குணமன்று. சிகாகோ நகரப் பகுதியில் 82 குடும்பங்களிடம், உங்கள் வீட்டில் உங்களுக்கு மிகவும் அருமையான பொருள் எது, அது ஏன் அருமையானது என்று கேட்டறிந்து, சீக்சென்ட்மிஹாயி, ராக்பர்க்-ஹால்டன் என்ற இரண்டு அறிஞர்கள் 1981-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இளையவர்கள், தாம் கையாண்டு மகிழும் பொருள்களைச் சொன்னார்கள். முதியவர்கள், புகைப்படம் முதலான ஞாபகார்த்தப் பொருள்களைச் சொன்னார்கள். எந்த வயதினராயினும், பொருளின் விலையைக் காட்டிலும் அதனோடு ஒட்டிக்கொண்டிருந்த மனிதர்களும் நினைவுகளுமே அதற்கு மதிப்பைத் தந்திருந்தன. நம் பாட்டிமார்கள் பித்தளைச் செம்பைப் புளிபோட்டுத் துலக்கும்போது அதைத் தந்த அண்ணனின் பேரைச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பங்களா அலங்காரத்தைப் பேசும்போது இன்னொரு சங்கதியையும் மறக்கக்கூடாது. 1914 அளவில் மோட்டார் செல்லும் மலைச்சாலை கட்டி முடிக்கப்படும் வரையில், அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக ஏறிய பாதையில்தான் எல்லாப் பொருள்களும் மேலே வரவேண்டியிருந்தது. மேஜையும் கட்டிலும் ஜன்னல் கண்ணாடியும் சுமைகூலிகளின் தலையிலும் தோளிலும் ஏறி வந்தன. எஜமானர்களே டோலியில் அமர்ந்து வந்தார்கள். ஒரு வீட்டின் சௌந்தரியத்தில் அதைச் சுமந்தவர்களின் பிரயாசையும் கலந்திருக்கிறது என்பதை உணராத ரசனை, முழுமையான ரசனை ஆகாது.

இனிப் பூம்பாறைக்குப் போவோம். கோடைக்கானலிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், படிப்படியாக இறங்கும் வயல்களுக்கு நடுவே, குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றி அமைந்த பழைய ஊர் அது. பங்களாக்கள் மரங்களுக்கிடையே ஒன்றையொன்று பாராமல் விலகி நிற்க, இங்கே வீடுகள் குளிருக்கு ஒடுங்கிய ஆட்டு மந்தைபோல் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் தெரியும். ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் தெரியும்.

அங்கே ஒரு வீட்டினுள் நுழைந்தபோது, கண்கள் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாயிற்று. அடுப்புக்கு நேர்மேலே, புகையேறிக் கறுத்துப் பளபளத்த மூங்கில் கழிகளில், தாளோடு சேர்த்து முடிந்த பூண்டுக் கொத்துகள் வரிசை வரிசையாகத் தொங்கின. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோடைக்கானல் மலைப்பூண்டுதான் அது. புகைபட்டுக் காய்ந்தால் அது ஈரத்துக்கும் பூச்சிக்கும் தப்பி நெடுநாள் கெடாமலிருக்கும். எதிர்ச் சுவரில் முருகன் படம். அதன் கீழே மாலையும் கழுத்துமாக நிற்கும் ஒரு கல்யாணப் போட்டோ. "இத்தனை பூண்டையும் தனிக் கொட்டகையில் கட்டினால் வீடு விசாலமாக இருக்குமே, அம்மா?" என்று கேட்டேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே அந்த வீட்டு மூதாட்டி சொன்னார்: "வெதை கண்ணு முன்னால இருக்கணுமுங்கய்யா. கண்ணுக்கு மறைஞ்சா, கைமுடைக்கு வித்துப்புடுவோம்."

அலங்கார சாஸ்திரம் முழுவதையும் அந்த அம்மாள் இரண்டு வாக்கியத்தில் அடக்கிவிட்டார் என்றே நான் கருதுகிறேன். கண்முன் இருப்பது மனத்தில் இருக்கும். மனத்தில் இருப்பது காலக்கிரமத்தில் குணமாகும். அந்தக் கொத்துகளின் கீழே உட்கார்ந்து பாடம் படிக்கும் பேரக் குழந்தைக்கு, நாளைய விதையை இன்று தின்னக்கூடாது என்ற புத்தி, எவரும் போதிக்காமலே ஏறிவிடுகிறது. வாழ்க்கை தானாக விட்டுச்சென்ற புகைக்கறையும், தனக்கே நினைவூட்டிக்கொள்ள வைத்த விதையும் அந்த வீட்டில் ஒன்றாகிவிட்டன. பிறருக்குக் காட்டுவதற்கென்று அங்கே எதுவும் இல்லை.

சுற்றுப்புறம் மனிதனை மாற்றும் என்பது வெறும் ஊகமன்று. ரோஜர் உல்ரிக் என்ற அறிஞர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்புகளை ஒப்பிட்டு, ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், செங்கற்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடச் சீக்கிரமாக வீடு திரும்பினார்கள் என்றும், கடுமையான வலிமருந்து அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது என்றும் 1984-இல் எழுதினார். சில தினங்கள் பார்த்த ஒரு ஜன்னல் உடம்புக்கு இவ்வளவு செய்யுமானால், இருபது வருஷம் பார்த்து வளரும் சுவர் ஒரு குழந்தையின் உள்ளத்துக்கு என்னதான் செய்யாது? உறைபனி விழும் மார்கழி விடியலில், விரல் மரத்துப்போக, வாசலில் புள்ளிவைத்துக் கோலமிடும் மலைக்கிராமத்துப் பெண், மத்தியானத்துக்குள் அழியப்போகும் ஒன்றைப் பிசகில்லாமல் செய்யும் பொறுமையைத் தன் கைக்குக் கற்றுக்கொடுத்துக்கொள்கிறாள்.

அலங்கரிக்கும் ஆசையில் ஓர் அபாயமும் உண்டு: வெறுமையைப் பொறுக்கமாட்டாமை. வெற்றுச் சுவரைக் கண்டால் எதையாவது மாட்டத் துடிக்கும் அதே மனம், பழனி மலையின் பரந்த புல்வெளிகளைக் கண்டபோது, அவற்றைப் பயனற்ற வெற்றிடம் என்று எண்ணியது. யூகலிப்டஸும் வாட்டிலும் பைனும் அங்கே மரப்பண்ணைகளாக நடப்பட்டன. நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகவும், மரப்பண்ணைகளும் விவசாயமுமே அதற்குக் காரணம் என்றும் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டிற்று. அதே 2018-இல்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, எஞ்சிய சரிவுகளில் மலர்ந்தது. வெற்றிடம் என்று நாம் நினைத்த இடம், தன் அலங்காரத்துக்குரிய காலத்துக்காகக் காத்திருந்த இடம்.

ஆகவே, வீட்டை அழகுபடுத்த விரும்பும் வாசக அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எந்தப் பொருளை வாங்கி மாட்டுவதற்கு முன்பும், இதை யாருடைய கண்ணுக்காக வைக்கிறோம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தினர் கண்ணுக்காக என்றால், அவர் வந்துபோகும் ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே அது பயன்படும். மீதி நேரமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவர்கள் உங்கள் குழந்தைகள். பாட்டனார் உழைத்த மண்வெட்டியோ, தாயார் எழுதிய கடிதமோ, அடுத்த பருவத்துக்கான விதையோ, எது உங்கள் குடும்பத்தின் உண்மையோ அதை அவர்கள் கண்முன் வையுங்கள். அப்படி வைக்க ஒன்றும் இன்னும் கிடைக்கவில்லையானால், அதுவரையில் அந்தச் சுவரை வெறுமையாகவே விட்டுவையுங்கள்.